இடித்துத்தான் பள்ளி கட்ட வேண்டுமா?

கேள்வி: நூறாண்டு தாண்டிய சுண்ணாம்புக் கட்டடத்தை இடித்துவிட்டு அங்கே தொடக்கப்பள்ளி கட்டப் போகிறார்கள். பிள்ளைகளுக்காக என்கிறபோது எதிர்ப்பது தப்பா?

பதில்: தப்பே இல்லை. பள்ளி கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு கிடையாது. ஆனால் கட்டடத்தின் உறுதியை முறையாகச் சோதித்தார்களா என்று முதலில் கேளுங்கள். சுவரில் காரை பொரிந்து உதிர்வதைப் பார்த்ததுமே "இது தேறாது" என்று சொல்லிவிடுகிறார்கள். பல இடங்களில் உண்மையான காரணம், பின்னாளில் யாரோ மேலே பூசிய சிமென்ட். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமென்ட் அந்த வழியை அடைத்துவிடுவதால் உள்ளேயே தங்கும் ஈரம் உப்போடு சேர்ந்து செங்கல்லை அரிக்கிறது. சிமென்டைப் பக்குவமாகக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினால் எத்தனையோ சுவர்கள் பிழைத்துக்கொள்ளும். பழஞ்சின்னங்களைச் சமூகத்துக்குப் பயன்படும் வேலைக்கு விடுவது அவற்றைக் காக்க உதவும் என்று பழஞ்சின்னப் பாதுகாப்பு நெறிகளாகப் பல நாட்டு வல்லுநர்கள் 1964-ஆம் ஆண்டில் வகுத்த வெனிஸ் சாசனமே சொல்கிறது, அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது என்ற நிபந்தனையோடு. அப்படியென்றால் பழைய கூடம் நூலகமாகட்டும், வகுப்பறையும் கழிப்பறையும் பக்கத்தில் புதிதாக எழும்பட்டும்.

சரி, சுவர் தாங்காது, சரிசெய்யவும் முடியாது என்று பொறியாளர் எழுதிக் கொடுத்தால்? அப்போது பிள்ளைகளின் உயிர்தான் பெரிது, நானும் இடிக்கத்தான் சொல்வேன். அதுவும் அளந்து வரைபடம் போட்டு, படம் எடுத்து, கதவு, உத்திரம் எல்லாவற்றையும் பத்திரமாகக் கழற்றிய அப்புறம்.