வேலையிழந்த சாலைகளைத் தேடி: பைக் பயணிகளின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நெடுஞ்சாலையில் ஓட்டி அலுத்துவிட்டது. அதிகம் பேர் அறியாத சாலைகளை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

பதில்: எந்தச் சாலையும் காரணமின்றிப் போடப்படுவதில்லை. சந்தைக்கோ சுரங்கத்துக்கோ கணவாய்க்கோ செல்வதற்காகப் போடப்பட்ட சாலை, அந்தப் போக்குவரத்து வேறு வழியே போய்விட்ட பிறகும் அங்கேயே கிடக்கிறது. நாம் தேட வேண்டியது அப்படி வேலையிழந்த சாலையைத்தான். ஆகவே வரைபடத்தில் முதலில் புதிய நெடுஞ்சாலையைப் பாருங்கள். குன்றை வெட்டியும் பள்ளத்தில் பாலம் கட்டியும் அது நேராகப் போயிருக்கும். அதற்கு முன்பிருந்த சாலையோ நிலத்தின் போக்குக்கு வளைந்து கொடுத்து, புதிய சாலையை இங்குமங்கும் குறுக்கே வெட்டிக்கொண்டு, பழைய ஊர்களின் நடுவே புகுந்து செல்லும். மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைத்த இடங்களில், பழைய கணவாய்ச் சாலை பல வேளைகளில் அதன் தலைக்கு மேலேயே இருக்கும். ஆற்றங்கரையானால், பிரதான சாலை எந்தக் கரையில் போகிறது என்று பார்த்துவிட்டு மறுகரைச் சாலையை எடுங்கள். பாலங்கள் குறைவாக உள்ள ஆற்றில், வெளியூர் லாரிகள் அந்தக் கரைக்கு வர வேண்டிய தேவை அதிகம் இருக்காது.

கேள்வி: வளைவுகள் நிறைந்த சாலை என்பதை வீட்டிலிருந்தே அறிய முடியுமா?

பதில்: சமஉயரக் கோடுகள், அதாவது ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், உள்ள வரைபடம் இருந்தால் முடியும். அந்தக் கோடுகளுக்கு இணையாகச் செல்லும் சாலையில் ஏற்ற இறக்கம் குறைவு. மலைமடிப்புகளுக்குள் புகுந்து புகுந்து வெளிவருவதால் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும். ஓட்டுவதற்கு இதைவிட இனிமையான வகை இல்லை என்பது என் கருத்து. செங்குத்தான சரிவில் முன்னும் பின்னுமாக மடிந்து ஏறும் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் அடுக்கடுக்காக வரும். அது புகைப்படத்துக்கு அழகு, ஆனால் பொழுதெல்லாம் முதல் கியரிலேயே கழியும். ஆடம் ஃபிராங்கோ உருவாக்கிய ‘கர்வேச்சர்’ என்னும் கணினி நிரல், யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவைக் கொண்டு சாலைத் துண்டுகளின் வளைவு ஆரத்தைக் கணக்கிட்டு, எந்தச் சாலை எவ்வளவு வளைகிறது என்பதை வரைபடத்தில் காட்டுகிறது. நல்ல கருவிதான், ஆனால் அந்தச் சாலையில் எவ்வளவு போக்குவரத்து இருக்கும் என்பதை அது சொல்லாது.

கேள்வி: தார்ச்சாலை என்று நம்பிப் போய் மண்பாதையில் சிக்காமல் இருப்பது எப்படி?

பதில்: ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பல சாலைகளுக்கு மேற்பரப்பு குறிக்கப்பட்டிருக்கும், வயல்வழி, காட்டுவழிகளுக்கு 1 முதல் 5 வரை உறுதித்தரமும் உண்டு, அதில் 5 என்பது மிக இளகிய மண். அந்தப் பதிவு எந்த ஆண்டில் திருத்தப்பட்டது என்பதையும் பாருங்கள், ஏனெனில் இரண்டு மழைக்காலம் போதும், நல்ல தாரும் பெயர்ந்துவிடும். செயற்கைக்கோள் படத்தையும் ஒப்பிடுங்கள். இவ்வளவுக்குப் பிறகும், தெரியாத சாலையை முதல் முறை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும்.

கேள்வி: மெதுவாக என்றால் எவ்வளவு? ஆளே இல்லாத சாலையில் எதற்கு அச்சம்?

பதில்: ஆளே இல்லை என்று எதிரே வருபவரும் நினைத்துக்கொண்டுதான் வருகிறார். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில், ஆபத்தைக் கண்டு பிரேக் பிடிக்க ஒன்றரை நொடி ஆனால், அதற்குள் 25 மீட்டர் கடந்திருப்பீர்கள். உலர்ந்த நல்ல தாரில் வண்டி நிற்க மேலும் சுமார் 20 மீட்டர் வேண்டும். 80-இல் மொத்தம் ஏறக்குறைய 70 மீட்டர். ஒரு வண்டி மட்டுமே போகும் அகலமுள்ள சாலையில் எதிரே வருபவரும் நின்றாக வேண்டும் என்பதால், கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் பாதிக்குள் நிற்கக்கூடிய வேகமே சரியானது. சரளையில் இந்தக் கணக்கும் பொருந்தாது, இன்னும் குறைக்க வேண்டும்.

கேள்வி: எந்த ஆப் நல்லது?

பதில்: குர்விகர், காலிமோட்டோ இரண்டும் வளைவான வழியைத் தேர்ந்து தரும். அதை வரைவாக மட்டும் கொள்ளுங்கள்.

கேள்வி: இதற்கு எந்த பைக் வாங்கலாம்?

பதில்: இருப்பதே போதும்.

கேள்வி: இவ்வளவு படிக்க நேரமில்லை. உங்களுக்குத் தெரிந்த சாலைகளின் பட்டியலைத் தந்துவிடுங்களேன்.

பதில்: தருவதற்கில்லை. தேடும் முறையைத்தான் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: மக்கள் வரிப்பணத்தில் போட்ட சாலையை மறைத்துவைக்க நீங்கள் யார்? இது தன்னலம் இல்லையா?

பதில்: சாலை பொதுச்சொத்து என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை, யார் வேண்டுமானாலும் போகலாம். ஆனால் ‘சிறந்த பத்து’ என்று ஒரு குறுகிய சாலையை விளம்பரப்படுத்தினால், சைலன்சரை மாற்றிய வண்டிகள் கூட்டமாக வந்து சேரும். அங்கே குடியிருப்பவர்கள் புகார் செய்வார்கள். கடைசியில் எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் தடை வரும். மறைக்கக் கூடாதவை வேறு: இடிந்த பாலம், அரித்த ஓரம், பெயர்ந்த தார் ஆகியவற்றை நேரே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பதிவு செய்யுங்கள், நானும் செய்கிறேன்.

கேள்வி: உங்கள் வாதம் நிற்காது. சைக்கிள் ஓட்டிகளின் தடங்களை ஸ்ட்ராவா என்னும் உடற்பயிற்சி ஆப்பின் ஹீட்மேப், அதாவது பலர் போன வழிகள் அழுத்தமாகத் தெரியும் வரைபடம், ஏற்கெனவே உலகுக்கே காட்டுகிறது. இதில் எந்த ரகசியம் மிச்சம்?

பதில்: ரகசியம் என்று நான் சொல்லவில்லை, விளம்பரம் வேண்டாம் என்றேன். ஆனாலும் இன்றைய கேள்விகளில் உருப்படியானது இதுதான். பந்தய சைக்கிளின் மெல்லிய டயர் குழிகளைத் தாங்காது, அதை ஓட்டுபவர்கள் லாரிகளையும் விரும்புவதில்லை. எனவே அவர்கள் தடம் அழுத்தமாக விழுந்திருக்கும் கிளைச்சாலையில் தார் நன்றாக இருக்கும் என்று ஓரளவு நம்பலாம். விடுமுறை நாள் காலையில் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள், வளைவுக்கு அப்பால் அவர்களே கூட்டமாக வந்துகொண்டிருப்பார்கள்.

கேள்வி: எந்த ஆப் சிறந்தது?

பதில்: மேலே ஏற்கெனவே சொல்லிவிட்டேன்.

கேள்வி: நண்பர் அனுப்பிய ஜிபிஎக்ஸ் கோப்பை (பயண வழியைச் சேமிக்கும் கோப்பு) வழிகாட்டிக் கருவியில் ஏற்றினேன், அது என்னை நெடுஞ்சாலைக்கே கொண்டுபோய்விட்டது. ஏன்?

பதில்: அவர் அனுப்பியது ‘ரூட்’ வகையாக இருந்திருக்கலாம். அதில் சில புள்ளிகள்தான் இருக்கும்; இடைப்பட்ட வழியைப் பல கருவிகள் தம் போக்கில் மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளும். ‘ட்ராக்’ வகையாகக் கேட்டு வாங்குங்கள். அது கடந்த தடத்தைக் கோடாக அப்படியே காட்டும்.

கேள்வி: பெட்ரோல் கணக்கை எப்படிப் போடுவது?

பதில்: அறியாத பகுதியின் தூரத்தை இரு மடங்காக எண்ணுங்கள். 40 கிலோமீட்டர் போன பிறகு பாலம் இல்லையென்றால், அதே 40 கிலோமீட்டரும் திரும்பி வர வேண்டியிருக்கும்.