கேள்வி பதில்: லேன் கூட்டினால் நெரிசல் தீருமா?

அமெரிக்க நகரம் ஒன்றின் ஃப்ரீவே கண்காணிப்பு அறையில் வேலை பார்த்துவிட்டுக் கிருஷ்ணகிரிக்குத் திரும்பியவன் நான். ஃப்ரீவே என்றால் சிக்னலோ குறுக்குச் சாலையோ இல்லாமல், ரேம்ப் எனும் சரிவுப் பாதை வழியாக மட்டும் ஏறி இறங்கும் சாலை. அங்கே நெரிசலை எப்படிச் சமாளிக்கிறார்கள், அதில் எது நமக்கு ஒத்துவரும் என்று நம் வட்டாரத்துக்காரர்கள் கேட்டவற்றுக்குப் பதில் இது. டோல் கட்டணம் ஏன் இவ்வளவு என்று கேட்டவர்கள் மன்னிக்கவும், அது என் துறை இல்லை.

ஓசூரிலிருந்து தினமும் பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகிறவர்: அண்ணா, இன்னும் இரண்டு லேன் போட்டால் முடிந்தது. இதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?

ஹூஸ்டன் நகரம் அதைத்தான் செய்து பார்த்தது தம்பி. அங்கே கேட்டி ஃப்ரீவே என்று ஒன்று. 2008-இல் விரிவாக்கம் முடிந்தபோது, சர்வீஸ் ரோடுகளையும் சேர்த்து எண்ணினால் சில இடங்களில் 26 லேன். முதலில் பறந்தார்கள். சில வருஷத்திலேயே காலை, மாலைப் பயண நேரம் மறுபடி ஏறிவிட்டது. ரோடு காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் முன்பு வேறு நேரத்தில் போனவர், வேறு வழியில் போனவர், பஸ்ஸில் போனவர் எல்லாரும் அங்கே வந்துவிட்டார்கள். அப்புறம் அந்த ரோட்டை நம்பி இன்னும் தள்ளிப் போய் வீடு வாங்குவதும் நடக்கும்.

ஹூஸ்டன் வேண்டாம், நீங்கள் போகிற வழியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தபோது கிட்டத்தட்ட 10 கிலோமீட்டர் சிக்னல் இல்லாமல் போக முடிந்தது. போய்ச் சேர்ந்த இடம்? நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சந்திப்பு. மேம்பாலம் வண்டிகளை அங்கே இன்னும் சீக்கிரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது, அவ்வளவுதான். ஒரு சாலை எவ்வளவு வண்டியைத் தாங்கும் என்பதை அதன் மிகக் குறுகலான இடம்தான் முடிவு செய்கிறது. அந்த இடத்தில் லேன் கூட்டினால் பலன் உண்டு, மற்ற இடத்தில் கூட்டினால் வரிசையில் நிற்க அகலமான இடம் கிடைக்கும். 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் தடம் வந்ததே, அது ஓசூர் வரை நீண்டால் உங்களுக்கு எந்த லேனையும்விட அதிகம் உதவும் என்பது என் கணிப்பு.

பர்கூர்: விபத்து இல்லை, டோல்கேட் இல்லை, ரோடு வேலையும் இல்லை. ஆனாலும் வண்டிகள் நின்று நின்று போகின்றன. ஏன் சார்?

ஜப்பானில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2008-இல் வெளியான ஆய்வு. 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டத்தில் 22 கார்களை விட்டு, சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். வழியில் ஒரு தடையும் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவர் லேசாக பிரேக்கைத் தொட்டார், பின்னால் வந்தவர் இன்னும் கொஞ்சம் அழுத்தினார், அப்படியே போய் சிலர் முழுசாக நின்றுவிட்டார்கள். அந்த நெரிசல் மணிக்கு சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கமாக நகர்ந்தது. நீங்கள் குருபரப்பள்ளியில் நிற்கும்போது, உங்களை நிற்க வைத்த முதல் பிரேக்கை அழுத்தியவர் எப்போதோ சூளகிரியைத் தாண்டியிருப்பார்.

காவேரிப்பட்டணம், கல்லூரி மாணவர்: ஃப்ரீவேயில் ஏறும் இடத்தில் சிக்னல் வைக்கிறார்கள் என்று படித்தேன். வேகமாகப் போகத்தானே ஃப்ரீவே, அங்கே எதற்கு சிக்னல்?

என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே உருப்படியான யோசனை இதுதான். ரேம்ப் மீட்டரிங் என்பார்கள். ஒரு லேனில் மணிக்கு ஏறத்தாழ 2,000 கார் போகலாம். அந்த எல்லையை ஒட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது ரேம்பிலிருந்து பத்து கார் கும்பலாக நுழைந்தால் ஓட்டம் உடைந்துவிடும். உடைந்த பிறகு அதே லேனில் அந்த 2,000 போகாது, அதைவிடக் குறைவாகத்தான் போகும். கூட்டம் அதிகமான நேரம் பார்த்து ரோடு தன் கொள்ளளவைக் குறைத்துக்கொள்கிறது. அதனால்தான் நெரிசல் வந்தபின் கலைப்பதைவிட உடையவிடாமல் காப்பது சுலபம்.

ரேம்பில் உள்ள சிக்னல் ஒரு பச்சைக்கு ஒரு காரை, சில இடங்களில் இரண்டு காரை விடும். சில நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும். கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் வாய்க்கால் தாங்குமளவுக்குத்தானே தண்ணீர் விடுகிறார்கள், அதே கதை. 1963-இல் சிகாகோவின் ஐசனோவர் எக்ஸ்பிரஸ்வேயில் இதை ஆரம்பித்தபோது சிக்னல்கூட இல்லை, ஒரு போலீஸ்காரர் ரேம்பில் நின்று கையைக் காட்டி ஒவ்வொன்றாக விட்டார்.

மினியாபொலிஸ், செயின்ட் பால் இரட்டை நகரத்தில் மக்கள் ‘இது வேண்டாத வேலை’ என்று சத்தம் போட்டார்கள். மாநிலச் சட்டமன்றம் உத்தரவு போட, 2000-இல் சுமார் 430 ரேம்ப் சிக்னல்களைச் சில வாரம் அணைத்து வைத்தார்கள். ஃப்ரீவேயில் போன வண்டிகள் 9 சதவீதம் குறைந்தன, பயண நேரம் 22 சதவீதம் கூடியது, விபத்துகள் 26 சதவீதம் கூடின. மறுபடி போட்டுவிட்டார்கள்.

அதே மாணவர்: அப்போது ரேம்பில் காத்திருப்பவர் பாவம் இல்லையா?

நியாயமான கேள்வி. சத்தம் போட்டவர்கள் சொன்னதும் அதைத்தான், அதில் பாதி சரியும்கூட. மறுபடி போட்டபோது சிக்னல் இயங்கும் நேரத்தைக் குறைத்தார்கள், சாதாரண ரேம்பில் 4 நிமிடத்துக்கு மேல் யாரையும் நிறுத்தக்கூடாது என்று வரம்பும் வைத்தார்கள்.

நம் 44-ஆம் எண் நெடுஞ்சாலைக்கு இது இப்போதைக்கு ஒத்துவராது. ரேம்பில் சிக்னல் போட்டால் பக்கத்திலேயே மீடியன் இடைவெளி, சர்வீஸ் ரோடு திறப்பு, தாபா வாசல் என்று நாலு வழி இருக்கும். முதலில் நுழைவுகளை எண்ணிக் குறைக்க வேண்டும்.

தருமபுரி: தீபாவளிக்கு முந்தைய இரவு பெங்களூரிலிருந்து வந்தோம். ஃபாஸ்டேக் வந்தும் கிருஷ்ணகிரி டோலில் அவ்வளவு நேரம்! டோல்கேட்டையே எடுத்துவிட்டால்?

ஃபாஸ்டேக் 2021 பிப்ரவரியிலிருந்து கட்டாயம். ஆனால் டேக் படிக்காத ஒரு வண்டி, டேக் கணக்கில் பணம் இல்லாத ஒரு வண்டி போதும், பின்னால் உள்ள வரிசையே நிற்கும். அது சரிசெய்யக்கூடிய விஷயம், சரிசெய்யவும் வேண்டும்.

எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். அத்தனை வண்டியும் ஒரே மூச்சில் அடுத்த குறுகலுக்குப் போகும். சான்பிரான்சிஸ்கோ–ஓக்லண்ட் பே பாலத்தில் டோலைத் தாண்டிய பிறகும் சிக்னல் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பாலத்துக்குள் விடுகிறார்கள், 1970களிலிருந்தே. டோல் வரிசையைக் கரைத்தால் வரிசை பாலத்தின் மேலே போய் உட்காரும் என்று அவர்களுக்குத் தெரியும். பண்டிகைக்கு முந்தைய இரவு எந்த ஊரிலும் ரோடு போதாது. மறுநாள் விடியற்காலையில் கிளம்புங்கள்.

சூளகிரி, லாரி ஓட்டுநர்: தம்பி, லாரி வலது லேனில் போவதால்தான் நெரிசல் என்று எல்லாரும் எங்களையே திட்டுகிறார்கள். இடது லேனில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

சொல்கிறேன் அண்ணே. இடது லேனில் பஸ் நிற்கிறது, எதிர்த்திசையில் பைக் வருகிறது, டீக்கடைக்கு எதிரே லாரி நிற்கிறது, மாம்பழ சீசனில் ஓரத்துக் கடையைப் பார்த்ததும் கார் திடீரென்று நிற்கிறது. லோடு வண்டியை அதில் ஓட்டச் சொல்வது சுலபம். இடது லேனைச் சுத்தமாக வைக்காமல் ‘கனரக வாகனங்கள் இடப்புறம் செல்லவும்’ என்று பலகை வைப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஆனால் ஒன்று. மேலுமலை ஏற்றத்தில் 40 வேகத்தில் போகும் லாரியை இன்னொரு லாரி 42-இல் முந்துகிறது என்று வையுங்கள். முழுசாகத் தாண்ட ஒன்றரை நிமிஷம், ஒரு கிலோமீட்டர் தூரம். அதுவரை இரண்டு லேனும் அடைபட்டு, பின்னால் வருகிறவர்கள் எல்லாரும் பிரேக்கில். ஜெர்மனியில் நெடுஞ்சாலையின் சில பகுதிகளில் லாரி லாரியை முந்தத் தடைப் பலகை உண்டு. ஏற்றத்தில் மட்டுமாவது அதை இங்கே வைக்கலாம்.

நல்லம்பள்ளி: தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் மணிக்கணக்கில் நிற்கிறோம். ஃப்ரீவேயில் என்ன செய்வார்கள்?

வண்டியை நகர்த்துவதுதான் முதல் வேலை, விசாரணை அப்புறம் (உயிர்ச்சேதம் இருந்தால் வேறு). மூன்று லேனில் ஒன்று அடைபட்டால் கொள்ளளவு மூன்றில் ஒரு பங்குதான் குறையும் என்று தோன்றும். உண்மையில் பாதி குறைந்துவிடும், ஏனென்றால் மீதி லேனில் போகிறவர்கள் ஒதுங்கி, மெதுவாகி, வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிறார்கள். அதனால் உச்ச நேரத்தில் இழுவை வண்டி ஃப்ரீவேயிலேயே சுற்றிக்கொண்டிருக்கும், கூப்பிட்டபின் கிளம்பாது. தொப்பூருக்கு இரண்டு முனையிலும் கிரேன் நிரந்தரமாக நிற்பது எந்த மேம்பாலத்துக்கும் முன்னால் செய்ய வேண்டியது. விபத்தை நீங்கள் முதலில் பார்த்தால் தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033-க்கு அடியுங்கள்.

ஊத்தங்கரை: ஓரத்தில் ஷோல்டர் (லேனுக்கு வெளியே ஒதுங்க விட்டிருக்கும் இடம்) சும்மாதானே கிடக்கிறது, அதையும் லேனாக்கலாமே?

இங்கிலாந்தில் 2006-இல் எம்42 சாலையில் நெரிசல் நேரத்தில் மட்டும் திறந்துவிட்டார்கள். ஓட்டம் மேம்பட்டது. ஆனால் ஷோல்டரையே நிரந்தர லேனாக்கும் அளவுக்குப் போனதும், பழுதான வண்டிக்கு ஒதுங்க இடமில்லை என்ற பயம் வந்தது. புதிதாக அப்படிச் சாலைகள் அமைப்பதை 2023-இல் அரசே நிறுத்திவிட்டது. நம் ஷோல்டரில் லாரிகள் தூங்குகின்றன, அதை முதலில் பார்ப்போம்.

ஓசூர் சிப்காட்: எல்லாக் கம்பெனியும் ஒரே நேரத்தில் ஷிப்ட் விடுகிறது. நேரத்தை மாற்றினால் வித்தியாசம் தெரியுமா?

தெரியும். 1984 ஒலிம்பிக்கின்போது லாஸ் ஏஞ்சலஸ் ஸ்தம்பிக்கும் என்று எல்லாரும் பயந்தார்கள். வேலை நேரத்தை முன்பின் மாற்றினார்கள், பகலில் லாரிகளைக் குறைத்தார்கள், ஃப்ரீவேக்கள் ஓடின. சில சதவீத வண்டி குறைந்தாலே போதும், ஓட்டம் உடையும் எல்லைக்குக் கீழே வந்துவிடும். கம்பெனிகள் தங்களுக்குள் பேசி அரை மணி நேரம் தள்ளி வைத்தால் செலவே இல்லை.

பாலக்கோடு: கிருஷ்ணகிரி பக்கம் நெரிசல் என்றால் மேப் ராயக்கோட்டை வழியாகப் போகச் சொல்கிறது. நம்பலாமா?

தருமபுரியிலிருந்து ஓசூருக்கு அது நல்ல வழிதான், கிருஷ்ணகிரியைத் தொடவே வேண்டாம். மேப் உங்களிடம் சொல்வதைத்தான் மற்றவர்களிடமும் சொல்கிறது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். காலையில் ராயக்கோட்டை மார்க்கெட்டுக்குத் தக்காளி வண்டிகள் வரும் நேரமென்றால் பேசாமல் பெரிய ரோட்டிலேயே போங்கள்.