இரண்டு இடத்திலும் சீட் கிடைத்துவிட்டது, எதை எடுப்பது?

மேற்படிப்புக்கு இடம் கிடைப்பதுவரை ஒரு கவலை. ஒன்றுக்கு மேல் கிடைத்துவிட்டால் அது வேறு கவலை. இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் இரண்டாவது வகை.

கேள்வி: முனைவர் படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று உலகத் தரவரிசையில் முதல் இருபதுக்குள் வருவது. ஆனால் உதவித்தொகை முதல் ஆண்டுக்கு மட்டும்தான் உறுதி. மற்றது எங்கோ நூற்றைம்பதில் இருக்கிறது. ஐந்து ஆண்டு உதவித்தொகையை எழுத்தில் தந்திருக்கிறார்கள், என் ஆய்வுத் தலைப்புக்குப் பொருத்தமான நெறியாளரும் இருக்கிறார். பெரிய பெயரை விடாதே என்கிறார் அப்பா.

இரண்டாவதை எடுங்கள். அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்: தரவரிசை முழுப் பல்கலைக்கழகத்துக்குப் போடும் மார்க். க்யூஎஸ் என்ற உலகத் தரவரிசைப் பட்டியலில் 2024 பதிப்பிலிருந்து 30 சதவீதம், அதற்கு முன் 40 சதவீதம், கல்வியாளர்களிடம் எடுக்கும் கருத்துக் கணிப்பிலிருந்து வருகிறது. அதாவது அந்தப் பெயரை எத்தனை பேர் உயர்வாக நினைக்கிறார்கள் என்பது. நீங்கள் சேரப்போவது ஒரு துறையில், அதில் ஒரு ஆய்வகத்தில், ஒரு மனிதரிடம். படித்து முடித்து வேலைக்குப் போகும்போது பார்ப்பதும் உங்கள் ஆய்வுக் கட்டுரைகளையும், உங்களை நன்றாக அறிந்த ஒருவர் எழுதும் பரிந்துரைக் கடிதத்தையும்தான்.

ஆனாலும் இரண்டாவது இடத்தின் கடிதத்தையும் வரி வரியாகப் படியுங்கள். உதவித்தொகை ஆண்டுக்கு 12 மாதமா, 9 மாதமா? கல்விக் கட்டணம் தள்ளுபடி என்றால் மற்ற கட்டணங்கள் யார் தலையில்? மருத்துவக் காப்பீடு உண்டா? பணம் துறையிலிருந்து வருகிறதா, நெறியாளரின் ஆய்வு மானியத்திலிருந்தா? மானியம் முடிந்தால் என்ன ஆகும்? "நிதி நிலைமையைப் பொறுத்து" என்று ஒரு வரி இருந்தால் அதன் பொருளை மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள். ஃபோனில் சொன்னது கணக்கில் வராது.

கேள்வி: நெறியாளர் எப்படிப்பட்டவர் என்று சேரும் முன்பே தெரிந்துகொள்ள முடியுமா?

பெருமளவு முடியும். அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்களிடமும், விட்டுப் போனவர்களிடமும் பேசுங்கள். "கைடு எப்படி?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லவர்" என்றுதான் சொல்வார்கள். நடந்ததைக் கேளுங்கள். கடைசியாக அவரைத் தனியாகப் பார்த்துப் பேசியது எப்போது? நீங்கள் எழுதிக் கொடுத்த வரைவு எத்தனை நாளில் திரும்பி வந்தது? இந்த ஆய்வகத்தில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டில்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி வீடியோ அழைப்பில் ஒரு சீனியரிடம் இதைக் கேட்டபோது பக்கத்தில் இருந்தேன். "கடைசியாக எப்போது பேசினீர்கள்?" அந்தப் பையன் வாயைத் திறந்தான், மூடினான், கேமராவை விட்டு எங்கோ பார்த்தான். பிறகு, "அவர் ரொம்ப பிஸி" என்றான். அந்தப் பெண் அங்கே சேரவில்லை. இன்னொரு ஆய்வகத்தில் அதே கேள்விக்கு, "நேற்று சாயங்காலம், என் கிராஃப் தப்பு என்று அரை மணி நேரம் வாதாடினோம்" என்று பதில் வந்தது. அங்கேதான் சேர்ந்தாள்.

அப்புறம், நெறியாளர் ஓய்வு பெறப்போகிறாரா, வேறு இடத்துக்கு மாறுகிறாரா என்பதையும் விசாரியுங்கள். என்னுடைய நெறியாளர் என் இரண்டாம் ஆண்டில் வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். அவர் தலைப்பைப் பார்க்க அங்கே வேறு யாரும் இல்லை. புதிய தலைப்பு, புதிய ஆள் என்று ஒன்றரை ஆண்டு போயிற்று. அன்றிலிருந்து எல்லாரிடமும் சொல்வது இதுதான்: உங்களுக்கு வழிகாட்டக்கூடியவர் குறைந்தது இருவராவது இருக்கும் துறையில் சேருங்கள்.

கேள்வி: ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு இடம் தந்து, மார்ச் இறுதிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறது. மற்ற இடத்தின் பதில் இன்னும் வரவில்லை.

அங்கே கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் ஏப்ரல் 15 தீர்மானம் இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்கள் தரும் நிதியுதவிக்கு ஏப்ரல் 15-க்கு முன் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நிதியுதவி இல்லாத வெறும் சேர்க்கைக்கு இது பொருந்தாது. கையெழுத்திட்டவர்களின் பட்டியலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தீர்மானத்தைக் குறிப்பிட்டு மரியாதையாக அவகாசம் கேளுங்கள். இதற்காகக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கேள்வி: ஓராண்டு முதுநிலைப் படிப்பா, இரண்டாண்டா?

பிரிட்டனின் ஓராண்டுப் படிப்பு வழக்கமாக 180 கிரெடிட் (படிப்பின் அளவைக் கணக்கிடும் அலகு), ஐரோப்பியக் கணக்கில் 90. ஐரோப்பாவின் இரண்டாண்டுப் படிப்பு அதே ஐரோப்பியக் கணக்கில் 120. ஆக, பாதி நேரத்தில் முக்கால் பங்கு பாடம். கோடை விடுமுறை ஆய்வேட்டுக்கே போய்விடும். இன்டர்ன்ஷிப்புக்கு இடம் குறைவு. செப்டம்பரில் வகுப்பு தொடங்கினால் இலையுதிர் காலத்திலேயே வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். என்ன வேலை வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்தவருக்கு ஓராண்டு போதும். துறை மாறி வருபவருக்கும், ஆய்வுப் பக்கம் போகலாமா என்று யோசிப்பவருக்கும் இரண்டு ஆண்டு வேண்டும்.

கேள்வி: படிக்கத்தானே போகிறோம், வளாகம் எப்படி இருந்தால் என்ன என்கிறார்கள் நண்பர்கள். எனக்கோ தனிமையை நினைத்தால் பயமாக இருக்கிறது. இது சின்னத்தனமா?

இல்லவே இல்லை. 2018-ல் நேச்சர் பயோடெக்னாலஜி இதழில் 26 நாடுகளைச் சேர்ந்த 2,279 பேரிடம், பெரும்பாலும் முனைவர் பட்ட மாணவர்களிடம், எடுத்த கணக்கெடுப்பு வெளியானது. அதில் 41 சதவீதம் பேருக்கு மிதமானது முதல் கடுமையானது வரை பதற்றம் இருந்தது. பொது மக்களில் 6 சதவீதம். விருப்பப்பட்டவர்கள் பதில் சொன்ன கணக்கெடுப்பு என்பதால் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வேலைக்கும் வாழ்க்கைக்கும் நடுவே சமநிலை இருந்தவர்களிடமும், நெறியாளரோடு நல்ல உறவு இருந்தவர்களிடமும் இது குறைவாக இருந்தது என்பதைக் கவனியுங்கள். உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆகவே வளாகத்தைப் பார்க்கும்போது நீச்சல் குளத்தையும் புல்வெளியையும் விடுங்கள். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையைக் காகிதத்தில் எழுதிப் பாருங்கள். காலையில் அறையிலிருந்து ஆய்வகத்துக்கு எத்தனை நிமிடம்? மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவீர்கள்? இரவு பத்து மணிக்கு வேலை முடிந்தால் எப்படித் திரும்புவீர்கள்? விடுதி முதல் ஆண்டுக்கு மட்டும்தானா? உடம்பு சரியில்லை என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? இரண்டு இடங்களுக்கும் இதை எழுதினால் எந்தப் பக்கத்தில் வெற்றிடம் அதிகம் என்று தெரிந்துவிடும். பெரிய நகரமா, சின்ன ஊரா என்பதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. நகரத்தில் துறைக்கு வெளியே நட்பு கிடைக்கும், ஆனால் வாடகையும் பயணமும் நாளைத் தின்றுவிடும். சின்ன ஊரில் எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கும், ஆனால் துறையில் ஒருவரோடு மனஸ்தாபம் வந்தால் அவரையேதான் தினமும் பார்க்க வேண்டும்.

கேள்வி: வயது 36, நான்கு வயதுக் குழந்தை இருக்கிறது. முனைவர் படிப்புக்கு ஒத்துவருமா?

வரும். குழந்தையோடு படிப்பவர் அந்தத் துறையில் ஏற்கெனவே யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். இருந்தால் அவரிடம் முதலில் பேசுங்கள். குழந்தைகள் காப்பகத்துக்கும் குடும்பக் குடியிருப்புக்கும் காத்திருப்புப் பட்டியல் இருக்கக்கூடும். சேருவதாகப் பதில் அனுப்பும் அன்றே இரண்டுக்கும் பெயர் கொடுத்துவிடுங்கள்.