காலையில் ஒப்பரேஷன், மாலையில் வீடு

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. அடுத்த வாரம் கவட்டு ஹேர்னியா (குடலிறக்கம்) ஒப்பரேஷன், அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். கொட்டாஞ்சேனையில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். எப்படித் தயாராவது?

பதில்: கேட்க வேண்டியதையெல்லாம் ஒப்பரேஷனுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். மயக்கம் தெளிந்ததும் அப்பா சிரிப்பார், தலையாட்டுவார், தேநீர்கூடக் கேட்பார். ஆனால் அப்போது சொன்னது மறுநாள் அவர் நினைவில் இல்லாமல் போகலாம். மயக்க மருந்து அப்படித்தான். அதனால் அன்றிரவு கூட இருக்கப்போகிறவர் இப்போதே வைத்தியரிடம் சேர்ந்து போகட்டும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட் ஆங்கிலத்தில் இருக்கும், தாதி சிங்களத்தில் விளக்கக்கூடும். விளங்காவிட்டால் தலையாட்டிவிட்டு வராதீர்கள். தமிழும் இலங்கையில் அரச கரும மொழிதான். தமிழில் சொல்லித்தரக் கேளுங்கள், கேட்டதை எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவையுங்கள்.

சீனி வருத்தம், இரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் என்று எந்த மருந்து எடுத்தாலும் சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். பொதுவாகச் சாப்பாட்டை 6 மணித்தியாலம் முன்னரும், வெறும் தண்ணீரை 2 மணித்தியாலம் முன்னரும் நிறுத்தச் சொல்வார்கள். பால் தேநீர் தண்ணீர்க் கணக்கில் வராது.

வீட்டுக்கு வந்த முதல் சில மணித்தியாலங்கள் வலி குறைவாக இருக்கும். காயத்தைச் சுற்றிப் போட்ட விறைப்பு மருந்தின் வேலை அது. "எனக்கு ஒன்றுமில்லை" என்று அப்பா மாத்திரையைத் தள்ளிப்போடுவார். அந்த விறைப்பு இரவில் விட்டுவிடலாம். எழுதித்தந்த நேரத்துக்கே கொடுங்கள். பனடோல் (பரசிட்டமோல்) என்றால் 500 மில்லிகிராம் மாத்திரை 24 மணித்தியாலத்தில் எட்டைத் தாண்டக் கூடாது. பல தடிமன் மாத்திரைகளிலும் அதே மருந்து இருக்கும், அதையும் கணக்கில் சேருங்கள்.

மாடிப்படி ஏறலாம், மெதுவாகக் கைபிடியைப் பிடித்துக்கொண்டு. வீட்டுக்குள் நடப்பதும் நல்லது. மலம் இறுகி முக்காமலிருக்கப் பப்பாசிப்பழமும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள். மயக்க மருந்தின் தாக்கம் இருக்கும் என்பதால் குறைந்தது முதல் 24 மணித்தியாலம் வாகனம் ஓட்டக் கூடாது, காணி உறுதி எதிலும் கையெழுத்து வைக்கக் கூடாது.

விதைப்பை கறுத்து லேசாக வீங்கினால் பயப்பட வேண்டாம், இந்த ஒப்பரேஷனில் அது வழமை. ஆண்கள் இதைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூச்சப்பட்டு இரவு முழுக்கத் தவிப்பார்கள், ஆகவே முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஆனால் ஆறு மணித்தியாலத்துக்கு மேல் சிறுநீர் போகாவிட்டால், கட்டு இரத்தத்தில் நனைந்தால், வாந்தி நிற்காவிட்டால், காய்ச்சலோடு காயம் சிவந்தால் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். நெஞ்சு வலியோ மூச்சு முட்டலோ வந்தால் ஓட்டோ தேட வேண்டாம், 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.