உழவர் சந்தைக்கு நேரில் போய்க் காய்கறி வாங்குவதில் விலையைத் தவிர வேறு என்ன லாபம்?

காயைப் பறித்தவரே எதிரில் உட்கார்ந்திருக்கிறார், அவரிடம் கேட்கலாம். எனக்கு இதுதான் முதல் லாபம். விலை அதற்குப் பிறகுதான்.

நான் குமுளியில் இருக்கிறேன். கேரள எல்லையில், தமிழ்க் குடும்பங்கள் நிறைய உள்ள ஊர். வீட்டிலேயே பத்துப் பதினைந்து பேருக்கு மதியச் சாப்பாடு சமைத்துக் கொடுப்பதால் வாரத்தில் இரண்டு நாள் காய் வாங்கியாக வேண்டும். பல வருடம் இங்கேயே கடையில் வாங்கினேன். அதுவும் பெரும்பாலும் மலைக்குக் கீழே, தேனி மாவட்டத்தில் இருக்கும் கம்பத்திலிருந்து மலையேறி வரும் காய்தான். மூன்று வருடமாக விடிகாலை பஸ் பிடித்துக் கம்பம் உழவர் சந்தைக்கே போய்விடுகிறேன். மலைப்பாதையில் இறங்கும்போது, முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரை லோயர் கேம்ப் மின் நிலையத்துக்குக் கொண்டுபோகும் ராட்சதக் குழாய்கள் சரிவில் கூடவே இறங்கும். 1895இல் கட்டி முடித்த அணையின் தண்ணீர். கம்பம் பள்ளத்தாக்கு பசுமையாக இருப்பதே அதனால்தான். அந்தத் தண்ணீரில் விளைந்ததைத்தான் இரண்டு பைகளில் சுமந்துகொண்டு நான் திரும்ப மலை ஏறுகிறேன்.

முதல் நாள் நடந்ததைச் சொல்கிறேன். வெண்டைக்காய் குவித்து வைத்திருந்த ஓர் அக்காவின் முன் குந்தி, நுனியை ஒடித்து ஒடித்துப் பார்த்தேன். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல் என்று அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம். நாலைந்து ஒடிப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்துவிட்டார். கோபமாக இல்லை. “ஒடிக்காதே தாயி, என்னைக் கேள். நேற்றுச் சாயங்காலம் நான்தான் பறித்தேன். எது பிஞ்சு என்று எனக்குத் தெரியாதா?” என்றார். பிறகு சாக்கின் ஓரத்தைக் காட்டினார். நுனி ஒடிந்த காய்கள் மட்டும் தனியாக ஒதுங்கிக் கிடந்தன. ஒடித்துப் பார்ப்பவர் நல்ல காயாக வேறு எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒடிந்த இடம் கறுத்துவிடும். அடுத்து வருகிறவர் தொடமாட்டார். கடைசியில் அது மாட்டுக்குத்தான்.

அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன். விரல் இடுக்கெல்லாம் சிவந்து தடித்திருந்தது. வெண்டைச் செடியின் சுணை. பழைய காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு பறித்தாலும் மணிக்கட்டுக்கு மேலே அரிப்பு நிற்காது என்றார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தே ஆக வேண்டும், ஒரு பறிப்புத் தவறினால் காய் நார் பிடித்துவிடும். வீட்டில் கல்யாணமானாலும் காய்ச்சலானாலும் வெண்டை காத்திருக்காது. அன்றிலிருந்து நான் எந்தக் கடையிலும் வெண்டை நுனியை ஒடித்ததில்லை. தயவுசெய்து நீங்களும் ஒடிக்காதீர்கள். “இன்றைக்குப் பொரியலுக்கு, அரைக் கிலோ” என்று சொன்னால் போதும், அவரே பொறுக்கிப் போடுவார். இந்த மூன்று வருடத்தில் ஒரு முற்றல்கூட என் பைக்குள் வந்ததில்லை.

விலை விஷயத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று, மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது மதுரையில் திறக்கப்பட்டது. அதே ஆண்டில்தான் ஆந்திரத்தில், விவசாயிகளே நேரில் விற்கும் இதே மாதிரிச் சந்தையான ரைத்து பஜார் வந்தது. பஞ்சாபில் 1987இலேயே அப்னி மண்டி என்ற பெயரில் இப்படி ஒரு சந்தை இருந்தது. இங்கே கடை போட வேண்டுமென்றால் நிலத்தையும் பயிரையும் சரிபார்த்து, படத்தோடு அடையாள அட்டை தருவார்கள். கடைக்கு வாடகை இல்லை, தராசு அங்கேயே கிடைக்கும், கமிஷன் கிடையாது. காலையிலேயே அன்றைய விலை பலகையில் ஏறிவிடும். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூடுதல், வெளிச் சில்லறை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் பார்த்து வைத்த விலை அது. அதன் மேலும் இரண்டு ரூபாய் குறைக்கச் சொல்லி நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. பேரம் பேசும் நேரத்தில் நாலு கேள்வி கேளுங்கள்.

என்ன கேட்பது? எப்போது பறித்தது, இது எத்தனையாவது பறிப்பு, என்ன மருந்து அடித்தீர்கள், அடித்து எத்தனை நாளாயிற்று. இதற்கெல்லாம் விளைவித்தவர் தயங்காமல் பதில் சொல்வார். புடலங்காய் விற்கும் ஓர் அண்ணன் இருக்கிறார். ஒருநாள் அவர் கொடுத்த காயின் நுனியில் ஒரு கயிற்றுத் துண்டு அப்படியே இருந்தது. பிஞ்சிலேயே சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டால்தான் காய் சுருளாமல் நேராக இறங்குமாம். பறிக்கும்போது கல்லை எடுத்துக்கொண்டு கயிற்றை மறந்துவிட்டார். அதையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார், அடுத்த பிஞ்சுக்கு ஆகுமென்று.

அவரிடமே நீங்கள் “படவலங்ஙா” என்று கேட்டாலும் புடலங்காய்தான் எடுத்துத் தருவார். எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள் நிறைய வருவதால் பரங்கிக்காய்க்கு மத்தங்ஙா, பாகற்காய்க்குப் பாவய்க்கா, கத்தரிக்காய்க்கு வழுதனங்ஙா எல்லாம் அங்கே பலருக்கும் பாடம். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத பாட்டி ஒருவர் விலையை மலையாளத்தில் சொல்லி, மீதிச் சில்லறையைத் தமிழில் எண்ணிக் கொடுப்பதைக் கேட்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஓணத்துக்கு முந்தைய வாரம் மட்டும் நான் போவதில்லை. கூட்டத்தில் யாரிடமும் நின்று பேச முடியாது.

ஒரு எச்சரிக்கை. எந்தச் சந்தையிலும் விவசாயி என்ற பெயரில் வியாபாரி உட்கார்ந்திருக்க வாய்ப்பு உண்டு. கடையைப் பார்த்தாலே ஓரளவு தெரியும். விளைவித்தவர் முன்னால் இரண்டு, மிஞ்சினால் நாலு வகைதான் இருக்கும். காய்களும் ஒரே அளவாக இருக்காது. ஒரே ஆள் பதினைந்து வகை பரப்பி, அதில் பள்ளத்தாக்கில் விளையாத கேரட்டும் இருந்தால், அவரிடம் பறிப்பைப் பற்றிக் கேட்டுப் பயனில்லை. போகிறவர்கள் ஏழு மணிக்கு முன்னால் போங்கள், சில்லறை கொண்டுபோங்கள். திரும்பும்போது பன்னீர் திராட்சை கண்ணில் பட்டால் விடாதீர்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம், மேலே சாம்பல் பூத்தது போலிருந்தால் புதிது.

போன சனிக்கிழமை வெண்டைக்காய் அக்கா, “இன்னும் நாலு பறிப்புத்தான் தாயி. செடியை அழித்துவிட்டுக் கத்தரி வைக்கப்போகிறேன்” என்றார். நாலு பறிப்பு என்றால் எட்டு நாள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் என் சமையலில் வெண்டைக்காய் இருக்காது என்று, வாரம் தவறாமல் வெண்டைக்காய் சாம்பார் கேட்கும் இருவரிடமும் இப்போதே சொல்லிவிட்டேன்.