பார்க் எதிர்ல ஃபிளாட்டுக்கு 15 லட்சம் எக்ஸ்ட்ரா... குடுக்கலாமா?

கேள்வி: அண்ணா, அண்ணா நகர் டவர் பார்க் எதிர்ல ஒரு பழைய 2 பிஹெச்கே 1.35 கோடி சொல்றாங்க. அதே சைஸ், அதே வயசு பில்டிங், மூணு தெரு தள்ளி 1.20 கோடிக்கு இருக்கு. அம்மாவுக்கு வாக்கிங் போகணும். புரோக்கர் 'பார்க் ஃபேசிங் விலை எப்பவும் ஏறும், இன்வெஸ்ட்மெண்ட்டா பாருங்க'ங்கறார். மேடவாக்கம் பக்கம் ஒரு புது ப்ராஜெக்ட்லயும் 'பார்க் வியூ'ன்னு போட்டிருக்காங்க. எது எடுக்கலாம்?

பதில்: புரோக்கர் சொல்றதுல பாதி நிஜம் தம்பி. பார்க் பக்கத்துல விலை கூடத்தான் இருக்கும், ஏன்னா ஃபிளாட் எத்தனை வேணா கட்டிக்கலாம், அண்ணா நகர் நடுவுல இன்னொரு டவர் பார்க் கட்ட இடம் எங்க இருக்கு? 1968ல டிரேட் ஃபேர் சமயத்துல வந்த டவர், கார்ப்பரேஷன் பார்க், நாளைக்கு யாரும் மனை போட்டு விக்கப் போறதில்ல. ஆனா அந்த லாபத்தை எடுத்துட்டுப் போறது இப்ப விக்கிறவர், நீங்க இல்ல. 2023ல டவரை சரிபண்ணி மறுபடி திறந்தாங்கல்ல, அதையும் சேர்த்துதான் உங்க பில்லுல போட்டிருப்பார். இனிமே ஏரியா ஏறினா மூணு தெரு தள்ளி இருக்கறதும் கூடவேதான் ஏறும்.

சரி, கணக்குக்கு வருவோம். அந்த 15 லட்சத்தை 8.5% வட்டில 20 வருஷ லோனா எடுத்தா இஎம்ஐ மட்டும் 13,000 ரூபா, மொத்தமா கட்டி முடிக்கறப்ப 31 லட்சத்தைத் தாண்டிடும். பழைய ஃபிளாட்ங்கறதால முத்திரைத்தாள் 7%, பதிவு 2%, அதுல இந்த 15 லட்சத்துக்கு மட்டும் 1.35 லட்சம், அது கைக்காசு. இன்னொண்ணு, பேங்க் அனுப்பற வேல்யுவர் பெரும்பாலும் சதுர அடி, பில்டிங் வயசு, அந்தத் தெரு ரேட்டுன்னுதான் பாப்பார், பால்கனிலேந்து தெரியற மரத்துக்கெல்லாம் மார்க் போடமாட்டார், அப்ப லோன் குறைஞ்சா அதுவும் உங்க தலைலதான்.

இன்வெஸ்ட்மெண்ட்டுன்னா ஒரே டெஸ்ட் வாடகை. ரெண்டு வீட்டுக்கும் என்ன வாடகை போகும்னு வேற ஒரு புரோக்கர் கிட்ட கேளுங்க (விக்கிறவரோட ஆள்கிட்ட வேணாம்!). வித்தியாசம் மாசம் 3,000ன்னு வெச்சுக்குவோம், வருஷம் 36,000, 7% ரிட்டர்ன்ல அந்த 36,000 வரணும்னா போட வேண்டியது 5 லட்சம் சொச்சம்தான். மிச்ச 10 லட்சம் நீங்க ஆசைக்குக் குடுக்கறது. குடுக்கக் கூடாதுன்னு சொல்லல, அம்மா சாயந்தரம் பால்கனில உக்காந்து மரத்தைப் பாக்கறதுக்கு நான் யார் விலை வைக்க, ஆனா அதை செலவுன்னு எழுதுங்க, முதலீடுன்னு எழுதாதீங்க. வாக்கிங்தான் காரணம்னா மூணு தெரு நடந்து போறதும் வாக்கிங்தானே.

மேடவாக்கம் விஷயத்துல ஜாக்கிரதை. பிரோஷர்ல பச்சை கலர் அடிச்சா அது பார்க் ஆயிடாது. 10,000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற சைட்னா 10% இடத்தை ஓஎஸ்ஆர்னு (பொதுத் திறந்தவெளிக்கான ஒதுக்கீடு) தானப் பத்திரம் போட்டு அரசுக்குக் குடுத்தே ஆகணும், 3,000லேந்து 10,000 வரைக்கும்னா இடத்துக்குப் பதிலா பணம் கட்டிட்டுப் போயிடலாம். அதனால அப்ரூவ்டு பிளானையும் தானப் பத்திரத்தையும் கேட்டு வாங்குங்க, பத்திரம் இல்லேன்னா அந்தப் புல்வெளி பில்டரோட அடுத்த டவருக்கு இடமா மாறலாம். அது போக மேடவாக்கத்துக்குப் பக்கத்துல இருக்கற பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022ல ராம்சார் சைட் (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்) ஆச்சு, 2025ல பசுமைத் தீர்ப்பாயம் அதைச் சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள புது பிளான் அப்ரூவலை நிறுத்திவைக்கச் சொல்லிச்சு. அந்த எல்லைக்குள்ள வருதான்னு வக்கீல் பாத்து சொல்ற வரைக்கும் டோக்கன் அட்வான்ஸ்கூட வேணாம்.

என் ஓட்டு மூணு தெரு தள்ளி இருக்கற வீட்டுக்கு. பார்க் எதிர்லதான் வேணும்னா ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்தரம் அம்மாவோட போய் அங்க வண்டி நிக்கற லட்சணத்தையும் சத்தத்தையும் பாத்துட்டு வாங்க, அதுக்கப்புறமும் பிடிச்சிருந்தா வாடகை வித்தியாசத்தை வெச்சு 1.25 கோடிலேந்து பேரத்தை ஆரம்பிங்க.