விடிய விடிய 4.2 டிகிரி

கேள்வி: மருந்துக் கிடங்கு நடத்துகிறேன். மூன்று குளிர் அறைகளிலும் சென்சார் வைக்கலாம் என்கிறார்கள். அறைக்குள் இருக்கும் சின்னப் பெட்டி, என் மொபைலுக்கும் ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் ஒரே நேரத்தில் எப்படித் தகவல் சொல்லும்? அதை நம்பலாமா?

பதில்: அந்தச் சென்சாருக்கு உங்கள் மொபைல் யாரென்றே தெரியாது. நிமிஷத்துக்கு ஒரு தடவை வெப்பநிலையைப் பார்த்து, வெளியே சுவரில் மாட்டியிருக்கும் கேட்வே பெட்டிக்கு அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. பேட்டரியில் ஓடுகிற கருவி என்பதால் ஜிக்பீ, ப்ளூடூத் லோ எனர்ஜி, தூரம் அதிகமென்றால் லோராவான் என்று மின்சாரம் அதிகம் தின்னாத கம்பியில்லா வழியில்தான் பேசும். இணையத்துக்குப் போவது கேட்வேதான்.

அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒரு புரோக்கர். சிரிக்காதீர்கள், அந்த மென்பொருளுக்குப் பெயரே அதுதான். கமிஷன் மட்டும் கேட்காது. 'கிடங்கு/அறை2/வெப்பம்' என்ற தலைப்பில் கேட்வே செய்தியைப் போடும். உங்கள் மொபைல், ஆபீஸ் கம்ப்யூட்டர், எச்சரிக்கை மணி என்று அந்தத் தலைப்புக்கு யாரெல்லாம் சந்தாதாரரோ, அவர்களுக்கெல்லாம் புரோக்கர் ஒரு பிரதி அனுப்பிவிடும். நாளைக்கே இன்னொரு திரையை மாட்டினாலும் சென்சாரைத் தொட வேண்டாம், சந்தா சேர்த்தால் போதும்.

இந்த முறைக்கு எம்க்யூடிடி என்று பெயர். ஆண்டி ஸ்டான்ஃபோர்டு கிளார்க், ஆர்லன் நிப்பர் என்ற இரண்டு பொறியாளர்கள் 1999-ல் உருவாக்கியது. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்க வேண்டியிருந்தது, அதில் ஒவ்வொரு பைட்டும் காசு. அதனால் செய்தியின் முகப்பை 2 பைட் வரைக்கும் சுருக்கிவிட்டார்கள்.

சரி, நம்பலாமா என்று கேட்டீர்கள்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு குளிர் அறை என் பொறுப்பில் இருந்தது. 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்துகள். இரவு ஒரு மணிக்கு மொபைலைப் பார்த்தேன், 4.2. நான்கு மணிக்கும் 4.2. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன். கம்ப்ரசர் ஓடி நிற்கும்போதெல்லாம் எண் கொஞ்சமாவது ஆட வேண்டும், ஆடாமல் நின்றால்தான் சந்தேகப்பட வேண்டும் என்று அப்போது புத்தியில் உறைக்கவில்லை. காலையில் கதவைத் திறந்தேன், உள்ளே மாட்டியிருந்த சாதாரணத் தெர்மாமீட்டரில் 13. முந்தின இரவு பதினொரு மணிக்கே ஃப்யூஸ் போய், கம்ப்ரசரும் கேட்வேயும் சேர்ந்தே படுத்துவிட்டிருந்தன. கடைசியாக வந்த எண்ணைப் புரோக்கர் பத்திரமாக வைத்திருந்து, கேட்டபோதெல்லாம் அதையே எடுத்து நீட்டியிருக்கிறது. அதைக் குற்றம் சொல்ல முடியாது. கடைசிச் செய்தியைப் பிடித்துவைக்கும் 'ரிடெய்ன்' வசதியைப் போட்டு வைத்தவனே நான்தான்.

இதற்கு எம்க்யூடிடியிலேயே 'லாஸ்ட் வில்' உண்டு. உயில்தான். இணையும்போதே, "நான் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போனால் இந்தச் செய்தியை எல்லோருக்கும் அனுப்பு" என்று கேட்வே எழுதிக் கொடுத்துவிடும். குறித்த நேரத்துக்குள் அதனிடமிருந்து சத்தமே இல்லையென்றால் புரோக்கர் உயிலைப் படித்துவிடும். ஆனால் கேட்வே உயிரோடு இருந்து, சென்சார் பேட்டரி மட்டும் தீர்ந்துபோனால் உயில் உதவாது. அதனால் ஒவ்வொரு எண்ணோடும் அது அளந்த நேரமும் வர வேண்டும். பத்து நிமிஷம் பழசானால் திரை சிவப்பாக வேண்டும். அப்புறம், கேட்வேக்குத் தனி லைனும் யூபிஎஸ்ஸும். விற்க வந்தவரிடம், "கேட்வே ப்ளக்கைப் பிடுங்குகிறேன், என் மொபைலில் என்ன தெரிகிறது பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறினால் வேறு ஆளைத் தேடலாம்.

கேள்வி: எங்கள் இயந்திரங்களின் தகவல் எல்லாம் விற்பனையாளரின் சர்வரில் இருக்கிறது. இது சரியா?

பதில்: இருக்கலாம், பூட்டிக் கிடக்கக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தால் பழைய பதிவுகளை முழுசாக எடுத்துக்கொள்ள முடியுமா, ஏபிஐ, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் தகவல் கேட்கும் வாசல், வழியாக உங்கள் கணக்கு மென்பொருள் நேரடியாகப் படிக்க முடியுமா, உங்கள் தகவலை வேறு யாருக்காவது கொடுப்பார்களா என்பதையெல்லாம் எழுத்தில் வாங்குங்கள். புரோக்கருக்குப் போகும் இணைப்பு 1883 என்ற போர்ட்டில் (வாசல் எண்) போகிறதா, 8883-லா என்றும் கேளுங்கள். வழக்கமாக முன்னது திறந்த தபால் அட்டை, வழியில் யாரும் படிக்கலாம்; பின்னது ஒட்டிய உறை, செய்தி ரகசியக் குறியீட்டில் போகும். 2016-ல் மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டுகள் சுமார் 60-ஐ வரிசையாகப் போட்டுப் பார்த்தே ஏராளமான கேமராக்களையும் ரௌட்டர்களையும் பிடித்துக்கொண்டது. உங்கள் பெட்டிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் 'அட்மின், அட்மின்' என்று இருந்தால், இந்தப் பக்கத்தை மூடிவிட்டு முதலில் அதை மாற்றுங்கள்.